பழைய பிக்கப்புக்கு பிரேக் பூஸ்டர்: சுவரிலா, தரைக்குக் கீழா?



இந்த வார எபிசோடில் பழைய வாகனங்களுக்குப் புதுத் தொழில்நுட்பம் பூட்டுவதைப் பற்றிக் கதைத்தோம். அதில் ஒரு கேள்விக்கு ஒலியில் பதில் சொன்னால் காணாது, கணக்கோடு எழுதினால்தான் விளங்கும். அதனால் இந்த மடல் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

கேட்டவர் 1954 ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டப் போறார். அதோட பவர் பிரேக்கும் வேணும். "பூஸ்டரை எஞ்சின் பக்கச் சுவரில பூட்டுறதா, காலுக்குக் கீழ சசியில பூட்டுறதா?" இதுதான் கேள்வி.

யூடியூபில் இதற்குப் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்கள் சொல்வது பிழை இல்லை. ஆனால் எங்களுக்கு இங்க கொட்ஹார்ட் இருக்கு, குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு இருக்கு, எம்.எஃப்.கா இருக்கு. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் பதில் கொஞ்சம் மாறும்.

முதல்ல, பூஸ்டர் என்ன செய்யுது?

பிரேக் பெடலை மிதித்தால் ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் குழாய் வழியாகப் போய் சில்லுகளில் பிரேக்கை அழுத்தும். பூஸ்டர் இந்தத் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற, சட்டி மாதிரி ஒரு உருண்டைப் பெட்டி. உள்ளே ஒரு ரப்பர் திரை. பெட்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறபோது உண்டாகும் வெற்றிடம், அதாவது வக்யூம், திரையின் ஒரு பக்கத்தில் இருக்கும். நீங்கள் மிதித்தவுடன் மற்றப் பக்கத்துக்கு வெளிக்காற்று வரும். அந்தக் காற்றின் அழுத்தம் உங்கட காலோடு சேர்ந்து தள்ளும். அவ்வளவுதான். மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை.

எவ்வளவு தள்ளும்? 8 அங்குல விட்டமுள்ள ஒற்றைத் திரைப் பூஸ்டரின் பரப்பு கிட்டத்தட்ட 320 சதுர சென்ரிமீற்றர். நல்ல வக்யூம் இருந்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். மொத்தம் சுமார் 2000 நியூட்டன். இருநூறு கிலோ பாரம் வந்து உங்களுக்காகப் பெடலின் தண்டைத் தள்ளுகிற மாதிரி.

இந்த யோசனை புதுசு இல்லை. பெல்ஜியத்து எஞ்சினியர் அல்பேர் டுவான்ட்ரின் வடிவமைப்பை வைத்து 1927-இல் போஷ் நிறுவனம் வக்யூம் சேர்வோ பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாரமான வாகனங்களை ஒரு மனிதனின் கால் பலத்தால் மட்டும் நிற்பாட்டுவது பெரும்பாடு என்பதால், லொறிகளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

பூட்டுறதுக்கு மூன்று இடம்

கேள்வியில் இரண்டு இடம்தான் வந்தது. உண்மையில் மூன்று இருக்கு.

1. எஞ்சின் பக்கச் சுவர். எஞ்சினுக்கும் நாங்கள் இருக்கிற கபினுக்கும் நடுவில் நிற்கிற தகரச் சுவரைத்தான் ஃபயர்வால் என்கிறோம். இன்றைய கார்களில் பூஸ்டர் இருப்பது அனேகமாக இங்கதான். பொனட்டைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் எவ்வளவு இருக்கு என்று பார்ப்பது சுகம், பெரிய பூஸ்டர் வைக்க இடம் கிடைக்கும், ரோட்டு உப்பும் சேறும் படாது.

பிரச்சினை எங்க வருது? 1956 வரை வந்த எஃப்-100-இல் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும். மாஸ்டர் சிலிண்டர் சசியில் இருக்கும். மேலே இருந்து தொங்கும் பெடல் 1957-இல் வந்த அடுத்த வடிவத்தில்தான் வந்தது. 1947-க்கும் 1953-க்கும் இடையில் வந்த ஷெவ்ரொலே பிக்கப்புகளும் கீழிருந்து வரும் பெடல் உள்ளவைதான். ஆகவே பூஸ்டரைச் சுவருக்குக் கொண்டுபோனால் பெடலையும் மாற்ற வேணும். சுவரில் ஓட்டை போட வேணும், தரையில் இருக்கிற பழைய ஓட்டையை மூட வேணும். ஸ்டியரிங் தண்டும் எஞ்சினின் வால்வ் மூடியும் இடைஞ்சல் தருமா என்று அளந்து பார்க்க வேணும்.

இன்னொன்று. அந்தச் சுவர் பிரேக்கின் விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. மெல்லிய தகரம். ஆனால் இதில் பலர் பயப்படுகிற ஒரு விஷயம் உண்மையில் நடக்காது. பூஸ்டர் தருகிற அந்த 2000 நியூட்டன் சுவரை இழுக்காது. அது பூஸ்டரின் கோதுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலேயே சமப்பட்டுவிடும். சுவருக்கு வருவது உங்கட காலிலிருந்து தண்டு வழியாக வரும் விசை மட்டும்தான். ஆனால் அதுவே சின்னதில்லை. பதற்றத்தில் 600 நியூட்டன் மிதித்தால், நான்கு மடங்கு தரும் பெடலில் அது 2400 நியூட்டன். தகரம் வளைந்தால் நீங்கள் மிதித்த தூரத்தில் ஒரு பங்கு சுவரை வளைப்பதிலேயே போய்விடும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். அதனால் சுவருக்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து, டாஷ்போட் பக்கமும் தாங்கு கொடுக்காமல் இதைச் செய்யக் கூடாது.

2. தரைக்குக் கீழே, சசியில். பழைய மாஸ்டர் சிலிண்டர் இருந்த இடத்திலேயே ஒரு பிராக்கெட் பூட்டி, அதில் சின்னப் பூஸ்டரையும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் வைப்பது. பெடல் பழைய இடத்திலேயே நிற்கும். கபினுக்குள் பார்த்தால் 1954 அப்படியே இருக்கும். சசி கனத்த இரும்பு, வளையாது.

இதற்கும் விலை இருக்கு. இடம் குறைவு என்பதால் 7 அங்குலப் பூஸ்டர்தான் பெரும்பாலும் கொள்ளும். எண்ணெய் பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்க வேணும். எக்ஸோஸ்ட் குழாய் பக்கத்தில் போனால் நடுவில் வெப்பத் தகடு கட்டாயம். உப்பும் தண்ணியும் நேராக வந்து அடிக்கும் இடம் அது.

முக்கியமான ஒன்று: இங்க மாஸ்டர் சிலிண்டர் முன் சில்லின் கலிப்பரை விடக் கீழே அல்லது அதே மட்டத்தில் இருக்கும். தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுற மாதிரி, வாகனம் நிற்கும்போது எண்ணெய் மெதுவாகத் திரும்பி வரும். அடுத்த நாள் காலையில் முதல் மிதி வெறுமையாகப் போகும். இதைத் தடுக்க டிஸ்க் பக்கக் குழாயில் ஒரு மிச்ச அழுத்த வால்வ் பூட்ட வேணும். டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, ட்ரம்முக்கு 10 பிஎஸ்ஐ. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும். ஒரு சின்ன உதிரிதான், ஆனால் தரைக்குக் கீழ் பூட்டுகிறவர்கள் முதல்ல சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.

3. தள்ளி வைக்கிற பூஸ்டர். பெடலோடு தொடர்பே இல்லாமல், எண்ணெய்க் குழாயின் நடுவில் வைக்கும் வகை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தை வாங்கி, பெருக்கி, சில்லுக்கு அனுப்பும். சசியில் எங்க இடம் கிடைக்குதோ அங்க பூட்டலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜி.எம்.சி இரண்டரைத் தொன் இராணுவ லொறிகளில் பெண்டிக்ஸின் ஹைட்ரோவக் என்ற பெயரில் இந்த வகைதான் இருந்தது. பழைய லொறிக்கு வரலாற்றுப்படி பொருத்தமானது எது என்று கேட்டால், இதுதான்.

குறை என்னவென்றால், சாதாரண வகை ஒரு சுற்றைத்தான் பெருக்கும். ஒற்றைச் சுற்று பிரேக்கில் ஒரு குழாய் உடைந்தால் நான்கு சில்லும் போச்சு. 1954 ஃபோர்ட் ஒற்றைச் சுற்றுத்தான். அமெரிக்கக் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானதே 1960-களின் கடைசியில்தான். எனவே இதைத் தேர்ந்தால் இரட்டைச் சுற்றுக்கு மாறுவதையும் அதோடு சேர்த்துத் திட்டமிட வேணும்.

இப்ப கொட்ஹார்டுக்கு வருவம்

பூஸ்டருக்குப் பலம் தருவது வெளிக்காற்றின் அழுத்தம் என்று பார்த்தோம். மேலே போகப் போகக் காற்று மெலியும். கொட்ஹார்ட் கணவாய் 2106 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 77 சதவீதம். பூஸ்டரின் உதவியும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். 2000 நியூட்டன் 1550 ஆகிவிடும். சுஸ்தன், கிரிம்சல், ஃபுர்கா எல்லாமே 2100 மீற்றருக்கு மேலே. அதாவது பிரேக் அதிகம் தேவைப்படும் இடத்தில் பூஸ்டருக்குப் பலம் குறைவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பம். கால் 300 நியூட்டன் மிதிக்குது என்று வையுங்கோ. மாஸ்டர் சிலிண்டர் ஒரு அங்குலம்.

பூஸ்டர் இல்லாமல், பெடல் ஆறு மடங்கு தந்தால், எண்ணெயில் சுமார் 35 பார் அழுத்தம் வரும். பூஸ்டர் பூட்டும்போது வழக்கமாகப் பெடலை நான்கு மடங்குக்குக் குறைப்பார்கள். அப்போது தரை மட்டத்தில் 63 பார் வரை போகலாம், கொட்ஹார்ட் உச்சியில் 54 பார். பூஸ்டர் செயலிழந்தால்? 24 பார்தான்.

அந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கோ. பூஸ்டர் இல்லாத பழைய பிரேக்கில் 35. பூஸ்டர் பூட்டி, அது வேலை செய்யாத நேரத்தில் 24. உதவிக்கு வந்த சாமான் கைவிட்டால், அது வருவதற்கு முன்னம் இருந்ததை விட மோசமான நிலை. அதனால்தான் எங்க பூட்டுறது என்ற கேள்வியோடு, வக்யூம் எங்கிருந்து வருது, அது நின்றால் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேணும். எஞ்சின் திடீரென்று நின்றால், பெட்டிக்குள் மிச்சம் இருக்கிற வக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். அதையும் காப்பது குழாயில் இருக்கிற சின்ன ஒருவழி வால்வ். மலைப்பாதைக்குப் போகிற வாகனத்துக்கு ஒரு வக்யூம் தாங்கியும் சேர்த்துப் பூட்டச் சொல்லுவன்.

டீசல் எஞ்சின் மாற்றிப் பூட்டும் எண்ணம் இருக்கிறவர்கள் கவனியுங்கோ. டீசலில் காற்றை அடைக்கிற த்ரொட்டில் வழக்கமாக இல்லை, ஆகவே வக்யூமும் இல்லை. அதுக்குத் தனிப் பம்ப் வேணும். மின்சார வக்யூம் பம்ப் பூட்டலாமே என்றால், 1954 ஃபோர்ட் 6 வோல்ட் வாகனம். முதல்ல 12 வோல்டுக்கு மாற்ற வேணும்.

பூஸ்டர் தராத ஒன்று

பூஸ்டர் உங்கட காலுக்குப் பலம் தரும். பிரேக்குக்குப் பலம் தராது. இந்த வித்தியாசம் மலையில் உயிர் சம்பந்தப்பட்டது.

இரண்டு தொன் பாரமுள்ள பிக்கப் கொட்ஹார்ட் உச்சியிலிருந்து ஐரோலோவுக்கு இறங்குது. இறக்கம் 900 மீற்றருக்கு மேலே. அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 18 மெகாஜூல். 50 லீற்றர் தண்ணியைக் கொதிக்க வைக்கக் காணும். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்கப் பிரேக்குக்குத்தான். 24 ஊசிமுனை வளைவு இருக்கிற பழைய த்ரெமோலா வீதியால் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால், ட்ரம் சூடாகிப் பிடிப்பு இழக்கும். எண்ணெய் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். டொட் 4 எண்ணெய் புதுசாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறையாமல் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பது 155 பாகைதான். எண்ணெய் கொதித்த பிறகு, எவ்வளவு பெரிய பூஸ்டரும் ஆவியைத்தான் அழுத்தும்.

இதை இந்த நாட்டு எஞ்சினியர்கள் மிக முன்னமே விளங்கிக்கொண்டார்கள். போடன் ஏரிக்கரையில் இருக்கும் ஆர்போன் நகரத்தின் சவுரர் நிறுவனம் தன் முதல் லொறியை 1903-இல் செய்தது. அடுத்த சில வருடங்களிலேயே எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் மோட்டோர்பிரெம்ஸ அவர்களின் லொறிகளில் வந்துவிட்டது. அல்ப்ஸ் மலைக்கு லொறி செய்கிறவர்களுக்கு, சில்லில் இருக்கிற பிரேக் மட்டும் காணாது என்று தெரிந்திருந்தது. மஞ்சள் போஸ்ட் பஸ்கள் பல காலம் கணவாய்களில் ஓடியது அந்தச் சவுரர் வண்டிகளாகத்தான். 1982-இல் சவுரரின் லொறித் தொழில் எஃப்.பி.டபிள்யூவோடும் டைம்லர்-பென்ஸோடும் சேர்ந்து என்.ஏ.டபிள்யூ என்று மாறியது. பழைய வண்டிகளை இன்றைக்கும் ஆர்போன் மியூசியத்தில் பார்க்கலாம். ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கோ.

எங்கட பக்கத்திலும் இதே அறிவு இருந்தது. கடுகண்ணாவைக்கும் நுவரெலியாவுக்கும் லொறி ஓடினவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கோ. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்றுதான் சொல்லுவினம்.

பெட்றோல் எஞ்சினில் இதுக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. சின்னக் கியரில் காலை எடுத்து இறங்கும்போது த்ரொட்டில் மூடியிருக்கும், எஞ்சின் வேகமாகச் சுற்றும். வக்யூம் மிகக் கூடுதலாக இருப்பது அந்த நேரத்தில்தான். எஞ்சின் பிரேக்கும் பூஸ்டரும் ஒன்றுக்கொன்று துணை.

எம்.எஃப்.கா என்ன சொல்லும்?

சுவிஸில் வாகனத்தின் பிரேக்கை மாற்றுவது உங்கட சொந்த விஷயம் இல்லை. மாற்றத்தை ஸ்ட்ராஸன்ஃபெர்கேர்ஸ்அம்டுக்கு அறிவித்து, பரிசோதனை முடிந்த பிறகுதான் திரும்ப ரோட்டில் ஓட்டலாம். உதிரி செய்தவரின் பொருத்தச் சான்றிதழோ, அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை நிலையத்தின் அறிக்கையோ கேட்பார்கள். பீலுக்குப் பக்கத்தில் வொஃபெலாவில் இருக்கும் டி.டி.சி அப்படியான ஒரு நிலையம்.

அடுத்தது வெட்டரான் பதிவு. முதல் பதிவு நடந்து 30 வருடம் கடந்திருக்க வேணும். தனிப்பட்ட பாவனைக்கு மட்டும், வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீற்றர் அளவில்தான் ஓட்டலாம். முக்கியமாக, வாகனம் மூல நிலையோடு ஒத்துப்போக வேணும். அப்படி என்றால் ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் பரிசோதனை. சாதாரணப் பழைய காருக்கு இரண்டு வருடம். சுவரை வெட்டி, பெடலை மாற்றி, பூஸ்டரைப் பொனட்டுக்குள் கொண்டுவந்தால் அந்தப் பதிவை இழக்கும் ஆபத்து இருக்கு. தரைக்குக் கீழே, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய வேலை என்றால், உங்கட பக்கம் வாதம் பலமாக இருக்கும். முடிவு கன்டோனின் நிபுணர் கையில். அதனால் உதிரி வாங்குவதற்கு முன்னம் அவரிடம் கேளுங்கோ. வரைபடமும் படமும் கொண்டுபோனால் கதை சுகமாகப் போகும்.

அப்ப நான் எதைத் தேர்வேன்?

முதல் கேள்வி: பூஸ்டர் வேணுமா? ட்ரம் பிரேக் சுழற்சியாலேயே தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும், கால் பலம் குறைவாகவே கேட்கும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. நாலு சில்லிலும் ட்ரம்மை வைத்திருக்கப் போறீங்கள் என்றால், அவற்றைப் புதுப்பித்து, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டாலே போதுமாக இருக்கலாம்.

முன்னுக்கு டிஸ்க் என்றால், வெட்டரான் பதிவைக் காப்பாற்ற விரும்பும் ஒரு எஃப்-100-க்கு நான் தரைக்குக் கீழேதான் போவேன். 7 அங்குலம்தான் கொள்ளும் என்றால் இரட்டைத் திரை உள்ளதாகப் பார்ப்பேன், மலையில் குறைகிறதை அது ஈடு செய்யும். மிச்ச அழுத்த வால்வ், வெப்பத் தகடு, எண்ணெய் ஊற்ற மேலே தனிக் கிண்ணம், துருவுக்கு எதிரான பூச்சு. இந்த நான்கும் இல்லாமல் தரைக்குக் கீழே வேண்டாம்.

வெட்டரான் பதிவு தேவையில்லை, எஞ்சினும் மாற்றியாச்சு, தினமும் ஓட்டப் போறீங்கள் என்றால் சுவர் நல்லது. தகடு வைத்துப் பலப்படுத்துங்கோ. மாஸ்டர் சிலிண்டரும் பெடல் விகிதமும் ஒன்றுக்கொன்று பொருந்துதா என்று பாருங்கோ. பூஸ்டர் இல்லாத நிலையிலும் உங்கட காலால், அல்லது வீட்டில் ஓட்டக்கூடிய மற்றவரின் காலால், வாகனத்தை நிற்பாட்ட முடியுதா என்று வெறும் இடத்தில் சோதித்துப் பாருங்கோ.

பூட்டி முடிந்தவுடன் ஒரு சின்னப் பரிசோதனை. எஞ்சினை நிற்பாட்டி, பெடல் கல்லு மாதிரி ஆகும்வரை நாலைந்து தரம் மிதியுங்கோ. காலை எடுக்காமல் எஞ்சினைத் தொடக்குங்கோ. பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்யுது. இறங்காவிட்டால் கராஜை விட்டு வெளிய எடுக்க வேண்டாம்.

கடைசியா, இது பழசு பிடித்தவர்களுக்கு மட்டுமான கதை இல்லை. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை, ஆகவே வக்யூமும் இல்லை. அதனால்தான் போஷின் ஐபூஸ்டர் மாதிரி மோட்டரால் தள்ளும் பூஸ்டர்கள் வந்தன. 1927-இல் காற்று செய்த வேலையை இப்போது மின்சாரம் செய்யுது. ஆட்டோமொபில்-மெக்கட்ரோனிக்கர் லேர செய்கிற தம்பி தங்கச்சிமார் இரண்டையும் கையால் தொட்டுப் பார்க்கிற கடைசித் தலைமுறையாக இருக்கலாம். அடுத்த எபிசோடில் அதைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

கேள்வி இருந்தால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. மலைப்பக்கம் போறவர்கள் சின்னக் கியரில் இறங்குங்கோ.